ஊசி போட்டாயிற்று, ஊர் வரவில்லை

என் மகளுக்குச் சர்க்கரை வந்தபோது அவள் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை என்றால் எங்கள் பக்கத்தில் வயசானவர்களுக்கு வருவது. சோழவரம் ஏரிக்கரையில் காலையில் நடப்பார்கள், டீக்கடையில் "சக்கர இல்லாம" என்பார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு வருவது வேறு. அவள் உடம்பில் இன்சுலின் ஊறுவதே இல்லை. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் முன்னால் ஊசி போட வேண்டும். போட்ட அரை மணி நேரத்தில் சோறு உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வியர்க்கும், கை நடுங்கும், நாக்கு குழறும், நினைவு தப்பும். அதற்கு மேல் டாக்டரம்மா சொன்னதை நான் எழுத மாட்டேன். எழுதினால் நடந்துவிடும் என்று பயம்.

நான் எட்டாவதோடு நின்றவள். கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. பெல்ட்டில் வருகிற மூடிகளில் கீறல் இருக்கிறதா, விளிம்பு உடைந்திருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கிப் போட வேண்டும். நாள் முழுக்கக் குறையையே தேடுகிற கண். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கு வருவேன். என்ன கெட்டுப்போகும், எது தவறும் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டால் அது நடக்காது என்று ஒரு நம்பிக்கை எனக்கு. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். "உனுக்கு மழ பெஞ்சாலும் பேஜாரு, பெய்யலேன்னாலும் பேஜாரு" என்பார்.

ஆறாம் வகுப்பில் பிள்ளைகளை மாமல்லபுரம் கூட்டிப் போனார்கள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டு, "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. ஊசி போடற பொண்ணு. வழில ஏதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பெடுத்துக்க முடியாதும்மா" என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. ஆனால் என் மகள் அழவில்லை, கேட்கவில்லை. பஸ் போன அன்று வீட்டில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கே போவது பற்றியும் அவள் வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், "நான் இங்கியே இருக்கறம்மா" என்பாள். பதினொரு வயதுப் பெண் சொல்கிற பேச்சா அது?

வீட்டுக்காரர்தான் சொன்னார். "நாமளே கூட்டிக்கினு போவோம். ஸ்கூலுக்காரன் இன்னா பெருசா காட்டிட்டான்? மாமல்லபுரத்துல கல்லு. நம்ம பழவேற்காட்டுல கடலே கீது."

பழவேற்காட்டுக்குப் பஸ்ஸில் போனால் போய்விடலாம். ஆனால் அவருக்குப் படகில் போக ஆசை. வருஷத்துக்கு வேண்டிய நெல்லை எங்களிடம் வாங்குகிற மீன்பிடிக்கிறவர் ஒருவர் காட்டூர் பக்கம் இருந்தார். கால்வாய் வழியாகவே மெதுவாகப் போகலாம், நடுவில் கொக்கு, நாரையெல்லாம் காட்டுகிறேன், மத்தியானம் பழவேற்காட்டில் தன் தங்கச்சி வீட்டில் மீன் குழம்புச் சாப்பாடு, சாயங்காலம் கடற்கரை என்று அவர் சொன்னார். கால்வாய்க் கரையில் எங்களை இறக்கிவிடுகிற வாடகை வேன் சாலை வழியாகச் சுற்றி வந்து பழவேற்காட்டில் நிற்கும். திரும்பி வருவது வேனில். கேட்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இதில் என்ன கெடும் என்று நான் ஒரு வாரம் யோசித்தேன். படகு கவிழும் என்று மட்டும்தான் தோன்றியது. அதற்காக டிராக்டர் டியூப் ஒன்றைக் காற்றடித்து எடுத்துக்கொண்டேன்.

எங்களோடு என் நாத்தனாரும் வந்தாள். வீட்டுக்காரருக்கு அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடேயே இருக்கிறாள். என் மகளுக்கு இந்த வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து தான் குடிக்கிற காபிக்கும் சர்க்கரையை நிறுத்திவிட்டவள். "அந்தப் புள்ள துன்னாதத நான் எப்படித் துன்றது?" என்பாள். நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், பிள்ளைக்குச் சில நேரம் சர்க்கரைதான் மருந்து, இறங்கிப்போனால் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று. தலையை ஆட்டுவாள். அவள் காதில் ஏறியது "சர்க்கரை வியாதி" என்கிற பெயர் மட்டும்தான்.

அன்று சனிக்கிழமை. வேன் வந்ததே தாமதம். நாங்கள் கால்வாய்க் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி. படகுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். நாத்தனார் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு. பத்தரைக்கு மேல கெளம்பலாம்."

"யம்மா, அதுக்குள்ள தண்ணி வத்திப்பூடும்" என்றார் படகுக்காரர். "இப்பவே எறங்க ஆரம்பிச்சிடுச்சு, பாரு."

"பச்சப்புள்ளய மொத மொதல்ல வெளிய இட்டுக்கினு போறோம். ஒன்ற மணி நேரத்துல உன் கால்வா எங்க ஓடிடப்போவுது?"

"ஓடித்தாம்மா பூடும். கடலுக்கு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் ஏரித் தண்ணீர். மதகைத் திறந்தால் வரும், மூடினால் நிற்கும். தண்ணீருக்கு நாளுக்கு இரண்டு தடவை போக்குவரத்து உண்டு என்பது நெல் போடுகிற எங்களுக்கு எங்கே உறைக்கப் போகிறது? ராகு காலம்தான் உறைத்தது. படகுக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் அக்காவை எதிர்த்துப் பேசாதவர். "கொஞ்ச நேரம்தானே நைனா" என்றார்.

காத்திருந்ததில் எல்லோருக்கும் பசித்தது. வழிக்கு என்று கட்டி வந்த இட்லியையும் எலுமிச்சை சாதத்தையும் கரையிலேயே பிரித்தோம். மகளுக்குச் சோதித்து, ஊசி போட்டு, பொறுத்து, நாஷ்டா கொடுத்தேன். மிச்சத்தை வேன் டிரைவரும் படகுக்காரரும் சாப்பிட்டார்கள். மத்தியானச் சாப்பாடுதான் பழவேற்காட்டில் சொல்லியாகிவிட்டதே.

பத்தரைக்கு மேல் கிளம்பினோம். என் மகள் படகின் மூக்கில் உட்கார்ந்துகொண்டாள். எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, சில இடத்தில் நிறுத்திக் கழியால் தள்ளி, படகுக்காரர் கதை சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் சின்னதாகிக்கொண்டே போயின. ஓரிடத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. என் மகள் எழுந்து நின்று கையை நீட்டினாள். "நைனா! அங்க பாரு, கால மடிச்சிக்கினு தூங்குது!" அந்தக் குரலை நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது. டியூபைப் பிடித்திருந்த கையை எடுத்தேன். இந்தப் பிள்ளையை இனிமேல் எல்லா இடத்துக்கும் கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன்.

பழவேற்காட்டுப் பாலம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு அப்புறம் வீடுகள், ஒரு மசூதியின் கோபுரம், செல்போன் டவர். "இன்னும் எவ்ளோ நேரம்ணா?" என்று கேட்டேன். "இதோ, வந்துட்டோம். கால் மணி" என்றார். மகளுக்கு விரலில் குத்தி மிஷினில் பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் இருக்க வேண்டிய அளவு. ஊசியை எடுத்தேன். கரையில் இறங்கி, தெரியாத வீட்டில் போட்டால் மறுபடி அரை மணி காக்க வைக்க வேண்டும், அதற்குள் பிள்ளைக்குப் பசிக்கும். இப்போதே போட்டால் போய் இறங்கியதும் இலையில் உட்காரலாம். ஊர் கண்ணுக்கு முன்னால் இருந்தது. போட்டேன்.

ஊசியை மூடி வைக்கும்போது படகின் அடியில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு படகு நின்றுவிட்டது.

படகுக்காரர் எஞ்சினைத் தூக்கினார். கழியைக் குத்தித் தள்ளினார். கழிதான் உள்ளே போயிற்று. பின்னால் தள்ளினார். படகு அசையவில்லை. சுற்றிலும் முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீர், அதற்கு அடியில் கறுப்புச் சேறு.

"சொன்னனே" என்றார் நாத்தனாரைப் பார்த்து. "தண்ணி ஏறுனாத்தான். ரெண்டு, மூணு மணி நேரம் ஆவும். குந்துங்க, காத்து நல்லாத்தான் வருது."

"மூணு மணி நேரமா? ஊசி போட்டுட்டேங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் முகம் மாறியது. அவருக்குத் தெரியும். படகில் இருந்தவர்களில் எங்கள் இரண்டு பேருக்கும் என் மகளுக்கும் மட்டும்தான் அதன் அர்த்தம் தெரியும். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாத. அம்மா எல்லாம் வெச்சிருக்கேன்" என்றேன். பையைத் திறந்தேன். எனக்கு அப்போது பயம்கூட இல்லை. நீல நிறத்தில் ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று எப்போதும் என்னோடு இருக்கும். அதில் குளுக்கோஸ் பாக்கெட், மிட்டாய், பிஸ்கட். குடை, கயிறு, மாற்றுத் துணி, பஞ்சு, தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். நீலப் பை இல்லை. எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டினேன். இல்லை.

"இன்னாம்மே தேடற?" என்றாள் நாத்தனார்.

"நீலப் பை, அண்ணி. மிட்டாய் வெச்சிருந்த பை."

"அதுவா? வேன்லயே வெச்சிட்டேன். பை நெறைய மிட்டாயா அடைச்சிக்கினு வரியே, புள்ள கண்ணுல பட்டா வாய் ஊறாதா? சக்கரப் புள்ளைக்கு அதயா காட்டுவாங்க?"

கொட்டியதை மறுபடி ஒரு முறை கிளறினேன். புடவை கட்டியிருந்தால் முந்தானையில் இரண்டு மிட்டாய் எப்போதும் முடிந்திருப்பேன். படகில் ஏறி இறங்கச் சௌகரியம் என்று அன்று சுடிதார் போட்டிருந்தேன்.

வேன் டிரைவருக்குப் போன் போட்டேன். "அக்கா, நான் பாலத்து மேலதான் நிக்கறேன். உங்க படகு நல்லாத் தெரியுது" என்றான் உற்சாகமாக. நீலப் பை வேண்டும், படகு பிடித்து எடுத்து வா என்றேன். அங்கே யாரிடமோ கேட்கிற சத்தம். "இங்க இருக்கற படகெல்லாமே சேத்துல குந்திக்கினு கீதுக்கா." பாலத்தின் மேல் கை ஆட்டுகிற ஆளைப் பார்க்க முடிந்தது. அவன் பக்கத்தில் வேனும் வேனுக்குள் என் மகள் உயிரும் இருந்தன.

"சேறு எனக்குத் தெரியாதா? நான் போறேன்" என்று வீட்டுக்காரர் பேன்ட்டை மடித்தார். படகுக்காரர் பிடிப்பதற்குள் குதித்துவிட்டார். நாற்று நடுகிற சேற்றில் முப்பது வருஷம் நடந்த கால். இரண்டாவது அடியிலேயே தொடை வரை போயிற்று. இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனார். படகுக்காரர் கழியை நீட்டி, நானும் பிடித்து, அவரை மேலே இழுத்தோம்.

"வயக்காடுன்னு நெனச்சியா நைனா? இது முழுங்கும்! அந்தப் பக்கம் ஒரு ஆளு ஆழத்துக்கு இருக்கு!"

அவர் படகில் விழுந்து கிடந்தார். இடுப்பு வரை கறுப்பு. மூச்சு வாங்கிக்கொண்டு மகளையே பார்த்தார்.

என் மகள் பேச்சை நிறுத்தியிருந்தாள். "கை நடுங்குதும்மா" என்றாள். நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக வந்திருந்தது, அந்தக் காற்றிலும். விரலில் குத்தினேன். எண்ணைப் பார்த்துவிட்டு மிஷினைக் கவிழ்த்து வைத்தேன். படகில் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டேன். படகுக்காரர் மடியைத் தடவினார். பீடி, வெற்றிலை, பாக்கு. இட்லிப் பாத்திரத்தை வழித்தேன். எலுமிச்சை சாதத்துப் பருக்கைகள் நாலைந்து ஒட்டியிருந்தன. அதை விரலால் எடுத்து அவள் வாயில் வைத்தேன். என்ன பிரயோசனம்? ஆனாலும் வைத்தேன்.

நாத்தனாருக்கு அப்போதுதான் புரிந்தது. "நான் நல்லதுக்குத்தான..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். "அண்ணி, நிறுத்துங்க. புள்ள பயப்படும்" என்றேன்.

கடவுளைக்கூடக் கூப்பிடத் தோன்றவில்லை எனக்கு. கம்பெனியில் பெல்ட்டு ஓடுகிறபோது ஒரு மூடியைத் தவறவிட்டால் அது போய்விடும், திரும்பி வராது. அந்த மாதிரி நேரம் போவது தெரிந்தது. மகள் என் மடியில் சாய்ந்துவிட்டாள். "அந்தப் பறவ... அது... காலு..." என்று என்னவோ சொன்னாள். நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கன்னத்தில் தட்டினேன். தூங்காதே, தூங்காதே.

"ஏ! ஏம்மாவ்!" என்று படகுக்காரர் கத்தியது அப்போதுதான்.

வெகு தூரத்தில், ஓடை மாதிரி தண்ணீர் கொஞ்சம் ஆழமாக இருந்த இடத்தில், பானைகள் மிதப்பதை நான் முன்பே பார்த்திருந்தேன். அவை பானைகள் அல்ல, பெண்களின் தலைகள். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் அடிச்சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போட ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

"ஏம்மா, சக்கர கீதா? வெல்லம் கீதா? புள்ள மயக்கமா கீது!"

ஒருத்தி நிமிர்ந்தாள். வாயில் கூடை இருந்ததால் பதில் வரவில்லை. கையை மட்டும் தூக்கினாள். பிறகு திரும்பிக் கரையைப் பார்த்துப் போனாள். போயே விட்டாள் என்று நினைத்தேன். கரையில் ஒரு புதரிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு திரும்பினாள். சேற்றில் நடக்கவில்லை. சேற்றின் மேல் குப்புறப் படுத்து, முழங்கையாலும் முட்டியாலும் வழுக்கிக்கொண்டு வந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக யாரும் வந்ததில்லை.

அவள் கையில் கூல்டிரிங் பாட்டில். அதில் பால் இல்லாத டீ.

"டீதான் கீது. ஆறிப்போச்சு."

"சக்கர போட்டதா?" என்றேன்.

"சக்கர இல்லாம எவ குடிப்பா? நெறையவே போட்டது."

வெளியே போனால் யார் வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவள் என் நாத்தனார். அவள்தான் முதலில் எட்டி இரண்டு கையாலும் அந்தப் பாட்டிலை வாங்கினாள். தன் வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். "இனிக்குது. இனிக்குதும்மே, குடு, குடு" என்று என்னிடம் நீட்டினாள். அழுதுகொண்டே சொன்னாள்.

மகளை நிமிர்த்தி உட்கார வைத்தேன். நினைவு முழுக்கத் தப்பவில்லை, விழுங்க முடிந்தது. மூடியில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். முதலில் கடைவாயில் வழிந்தது. இரண்டாவது மூடி உள்ளே போயிற்று. மூன்றாவது. பாட்டிலில் கால்வாசி இறங்கியது. அந்தப் பெண் சேற்றில் அமிழ்ந்தபடி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகு நேரம் கழித்து என் மகள் முகத்தைச் சுளித்தாள். "த்தூ. ஆறிப்போச்சும்மா, இது" என்றாள்.

"ஆமாண்டி ராணி, சூடா போட்டுக்கினு வரட்டுமா?" என்று அந்தப் பெண் சிரித்தாள். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கால்வாயைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

பாட்டிலை முழுக்க எங்களிடமே விட்டாள். கூட இருந்தவர்களையும் கூப்பிட்டாள். எங்களையெல்லாம் பின்பக்கம் உட்காரச் சொல்லி, படகைப் பிடித்து ஆட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைப் பக்கம் நகர்த்தினார்கள். நாத்தனார் நன்றி சொல்ல வாயெடுத்தாள். "போங்க, போங்க. தண்ணி ஏறிட்டா எங்க பொழப்பு பூடும்" என்று அந்தப் பெண் சொல்லிக் கூடையை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டாள்.

பழவேற்காட்டில் இறங்கியதும் மகளைச் சாப்பிட வைத்தேன். சோதித்தேன், ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸிடம் காட்டினேன். "இப்ப நல்லாயிருக்கா, கூட்டிட்டுப் போங்க" என்றார். வீட்டுக்காரர் வேனில் ஏறச் சொன்னார். "போதும். ஊட்டுக்குப் போலாம்." நாத்தனாரும் அதையே சொன்னாள். எனக்கும் அதுதான் ஆசை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் மகள் முகத்தைப் பார்த்தேன். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, நான் சொல்லாமலேயே விரலில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பார்த்திருந்தோம். மறுபடி பார்த்தாள். இப்போது போனால் இவள் இனி வரவே மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கடலப் பாத்துட்டுத்தான் போறோம்" என்றேன்.

கலங்கரை விளக்கத்துப் பக்கம் வேனை நிறுத்தினோம். மணலில் சவுக்கு நிழல் நீண்டிருந்தது. வேறு பிள்ளைகள் அலையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் ஈர மணலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். நீலப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"எறங்கு, வா" என்றேன்.

"வாணாம்மா. பாத்தாச்சு. எப்ப கெளம்பறோம்?"

அது என் குரல். என் பேச்சு. எந்த இடத்துக்குப் போனாலும் போய்ச் சேர்ந்ததும் நான் கேட்கிற கேள்வி. சேற்றில் மாட்டியிருந்தபோது இல்லாத பயம் அப்போது என்னைப் பிடித்தது. உயிரைக் காப்பாற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டோம், ஆனால் என்னைப் போலவே ஒருத்தியைக் கொண்டுவந்திருக்கிறோம்.

நான் கடலில் கால் வைத்ததில்லை. கணுக்கால் நனைவதே எனக்குப் பெரிய விஷயம். செருப்பைக் கழற்றினேன், சுடிதாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "ஏமே, எங்க போற?" என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். முதல் அலை முட்டியில் அடித்தது. காலடியில் மணல் கழன்று ஓடியது. திரும்பி நின்று அவளைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

"பாரு, அம்மாவே நிக்கறேன். ஒண்ணும் ஆவல. வா."

அவள் வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு அலை வந்தது, நான் தள்ளாடி ஒரு முறை குனிந்து நிமிர்ந்தேன், இடுப்பு வரை நனைந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் உள்ள போ" என்றாள் கரையிலிருந்து. "அப்பறம் பாக்கறேன்."

நான் இன்னும் ஓர் அடி உள்ளே போனேன்.